அத்தை கோடு

யோசனை தோன்றியபோது நான் கழுத்தில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஓர் ஈயக் கதவுக்கு முன்னால், எல்லாம் தெரிந்த முகத்தோடு நின்றிருந்தேன். அந்த முகத்தை வரவழைக்க ரயிலில் வரும்போதே பழகியிருந்தேன்.

ரயில் மாறி மாறிப் போகவேண்டிய ஒரு வடநாட்டு ஊர் அது. தேர்த்திருவிழாத் திடல் அளவுக்கு ஒரு வட்டக் கட்டடம். அதற்குள் ஒரு குழாய் வளையத்தில் எலக்ட்ரான்கள் ஓயாமல் சுற்றுகின்றன. அந்த வேகத்தில் போகிற எலக்ட்ரானை வளைத்துத் திருப்பினால் அது வெளிச்சத்தைச் சிந்தும். எங்கள் மாமாவின் லாரி கொண்டையூசி வளைவில் திரும்பும்போது ஓரத்து அன்னாசி ஒன்றிரண்டு தெறித்து ரோட்டில் உருளுமே, ஏறக்குறைய அதே கணக்கு. இங்கே அன்னாசிக்குப் பதில் எக்ஸ்ரே. அந்த வளையத்துக்குப் பெயர் சிங்க்ரோட்ரான்.

அந்த எக்ஸ்ரேயைப் பார்த்துக்கொள்கிற மூத்த ஆராய்ச்சியாளர், வருகிற மாணவர்களுக்கெல்லாம் சொல்வதை எனக்கும் சொன்னார். பொருளின் தலையில் நேராக அடிக்காதே. மேற்பரப்பை உரசிக்கொண்டு போகிற மாதிரி படுக்கவைத்து அனுப்பு. அப்போது எக்ஸ்ரே உள்ளே இறங்காமல் மேல்தோலைத் தொட்டுவிட்டு எகிறிவிடும். கோணத்தைத் துளி கூட்டினால் கொஞ்சம் கீழே இறங்கும். இன்னும் துளி கூட்டினால் இன்னும் கீழே. மேலே என்ன பூச்சு, அடியில் என்ன சரக்கு, இரண்டும் சேருகிற எல்லையில் என்ன நடக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தெரியவரும்.

இதைப் படித்துப் பரீட்சை எழுதி, இதற்காகவே மாதாமாதம் உதவித்தொகை வாங்குகிறவள் நான். ஆனாலும் அவர் ‘துளி கூட்டு’ என்று தன் கட்டைவிரலைச் சாய்த்துக் காட்டினபோதுதான் எனக்கு உறைத்தது. ‘அட, இது எங்க அத்தையோட நகம்’ என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். தமிழ் தெரியாத அவர் அதை ஏதோ கஷ்டமான சந்தேகம் என்று நினைத்து, மறுபடி மெதுவாகக் கேட்கச் சொன்னார்.

அத்தை என் அப்பாவுக்கு ஒரே தங்கை, லாரி மாமாவின் மனைவி. மலைமேல் வளப்பூர் நாட்டில் எங்கள் ஊட்டுக்கும் அவள் ஊட்டுக்கும் நடுவில் ஒரு மரவள்ளிக் காடு, மிளகுக்கொடி ஏறிய ஒரு வரிசை மரம், அவ்வளவுதான் தூரம். வலது கட்டைவிரலில் மட்டும் நகம் வளர்த்திருந்தாள். கேட்டால், பலாக்கொட்டைத் தோல் உரிக்க என்பாள். பொய்யில்லை. ஆனால் பலா காய்க்காத மாதங்களிலும் அந்த நகம் ஓய்ந்திருந்து நான் பார்த்ததில்லை.

புதுசாக எது கைக்கு வந்தாலும் அத்தை அதைச் சுரண்டுவாள். விலை கேட்பது, பயன் கேட்பது எல்லாம் பிறகுதான். “பாத்தரலாம்” என்பாள். அது அனுமதி கேட்கிற சொல் என்று புதியவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அவர்கள் வாயைத் திறப்பதற்குள் கோடு விழுந்திருக்கும்.

சந்தைக்குப் போனால் பாத்திரத்தின் அடியைச் சுரண்டுவாள். பஸ்ஸுக்குப் புது பெயின்ட் அடித்திருந்தால், கண்டக்டர் விசில் ஊதுவதற்குள் அதன் விலாவில் ஒரு கீறல். ஒருநாள் சந்தையில் ஆப்பிளைச் சுரண்டினபோது நகத்தில் வெள்ளையாக மெழுகு வந்தது. அத்தைக்கு அன்று தலைகால் புரியவில்லை. அதற்குப் பிறகு கொய்யா, ஆரஞ்சு, கடைசியில் வாழைப்பழம் வரைக்கும் சோதித்தாள். வாழைப்பழத்தைச் சுரண்டினால் வாழைப்பழம்தான் வருமென்று கடைக்காரர் மரியாதையாகச் சொல்லிப்பார்த்தார். பிறகு மரியாதையை விட்டுவிட்டுச் சொன்னார்.

எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பெயின்ட் அடித்து விழா வைத்தார்கள். தலைமையாசிரியர் கீழ்நாட்டிலிருந்து மாற்றலாகி வந்தவர். சட்டைக் காலரில் சுருக்கம் விழுந்தால் மனசு விழுந்துவிடுகிறவர். விழாவில் பேச்சு நீண்டுவிட்டது, அத்தை சுவரோரம் நின்றிருந்தாள். இரண்டும் ஒன்றாக நடந்திருக்கக் கூடாது. கைதட்டல் ஓய்ந்தபோது ஜன்னலுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் பச்சை போய், அடியில் ரோஸ் தெரிந்தது. ரோஸுக்கு நடுவில் மஞ்சள். மஞ்சளுக்கு நடுவில் சுண்ணாம்பு.

“மூணு கலருங்க சார்” என்றாள் அத்தை அவரிடம். நல்ல சேதி சொல்கிற முகம்.

அவர் அத்தையைத் திட்டவில்லை. என்னை அந்த ஜன்னலோரமாக இடம் மாற்றி, இனி யாரும் அதைத் தொடாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு என்றார். பார்த்துக்கொண்டேன். பாடத்தைப் பார்த்ததைவிட அதைத்தான் அதிகம் பார்த்தேன். எந்தக் கலருக்கு அடியில் எது, எது தடிமன், எது எதோடு ஒட்டாமல் நிற்கிறது என்று. இன்றைக்கு நான் எழுதுகிற கட்டுரைகளில் போடுகிற அடுக்குப் படமெல்லாம் அந்த ஜன்னலடி ஓட்டைதான். கலர் மட்டும் மாற்றிக்கொள்கிறேன்.

எனக்கு முதல்முறை மூக்குக்கண்ணாடி வாங்கினார்கள். அதன் மேல் ஏதோ கோட்டிங் இருக்கிறது, வெளிச்சம் கூசாது என்று கடைக்காரர் சொன்னதை நான் பெருமையாக அத்தையிடம் போய்ச் சொன்னேன். யாரிடம் போய் என்ன சொல்லவேண்டும் என்கிற அறிவு எனக்கு அப்போதும் இல்லை. அந்த வருஷம் முழுக்க ஆசிரியர்கள் கரும்பலகையில் எழுதினதையெல்லாம் நடுவில் அடித்துவிட்ட மாதிரியே படித்தேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அத்தை சுரண்டி எந்த மோசடியும் வெளிவந்ததில்லை. யாரும் பிடிபட்டதில்லை. ஊருக்கு நயா பைசா நன்மையில்லை. அடியில் இரும்பு இருந்தாலும் திருப்தி, தகரம் இருந்தாலும் அதே திருப்தி. என் ஆராய்ச்சியும் இதுவரை அப்படித்தான் இருக்கிறது என்பதை என் வழிகாட்டிப் பேராசிரியர் என்னைவிட நாசூக்காகச் சொல்வார்.

ஊரில் என் படிப்பை விளக்குவது பெரும்பாடு. அப்பா எல்லோரிடமும் “எம்பொண்ணு எக்ஸ்ரேல இருக்குது” என்று சொல்லிவைத்திருந்தார். நான் லீவில் வந்தால் யாராவது ஒருத்தர் மஞ்சள்பையில் முழங்கால் படத்தோடு வந்து நிற்பார். இது அந்த எக்ஸ்ரே இல்லீங்க என்று ஆரம்பித்து, மழை ரோட்டில் எதிர்லாரி விளக்கு தரையோடு தரையாக வந்து கண்ணில் அடிக்கிறதே, அது போல என்று நான் விளக்கி முடிக்கிறவரை பொறுமையாகக் கேட்பார்கள். பிறகு, அதெல்லாம் சரி கண்ணு, இந்த மூட்டு தேறுமா தேறாதா என்பார்கள்.

அத்தை ஒருத்திதான் பொருளைக் காட்டச் சொன்னாள். அதனால் ஒரு பொங்கல் லீவுக்கு நான் என் சாம்பிள் ஒன்றை ஊருக்கு எடுத்துக்கொண்டு போனேன். சிலிக்கன் என்கிற பொருளில் செய்த வட்டமான வில்லை, அதன் மேல் மிக மெல்லிசாகத் தங்கம். வழக்கமாகத் தங்கம் ஒட்டிக்கொள்ள நடுவில் இன்னோர் உலோகம் பூசுவார்கள். எனக்குத் தங்கமும் சிலிக்கனும் நேருக்கு நேர் சந்திக்கிற எல்லைதான் ஆராய்ச்சி என்பதால் அதைப் பூசவில்லை. பல மாதம் திரும்பத் திரும்பச் செய்து, கொஞ்சம் உருப்படியாக வந்தவற்றில் அது ஒன்று. முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு.

“தங்கமா கண்ணு?” என்றாள்.

ஆமாங்க அத்தை, நெசமான தங்கம் என்றேன். மூக்குக்கண்ணாடியில் கற்றிருக்க வேண்டிய பாடத்தை நான் கற்கவில்லை. “பாத்தரலாம்” காதில் விழுந்தபோது நடுவில் சாம்பல் நிறமாக ஒரு கோடு ஓடியிருந்தது.

“பூச்சுதான்” என்றாள் ஆறுதலாக. என்னை யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறாள்.

அந்த வில்லையை எறிய மனசில்லாமல் திரும்ப ஆய்வகத்துக்கே எடுத்துப்போனேன். கூடப் படிக்கிறவர்கள் இது யார் செய்த வேலை என்று கேட்க, நானும் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து எங்கள் ஆய்வகத்தில் எந்தச் சாம்பிளில் கீறல் விழுந்தாலும் அதற்குப் பெயர் அத்தை கோடு. பஞ்சாபிலிருந்து வந்த பையன்கூட அப்படித்தான் சொல்கிறான்.

ஈயக் கதவுக்கு முன்னால் எனக்குத் தோன்றிய யோசனைக்கு வருகிறேன். அது அத்தையின் தோட்டைப் பற்றியது.

அத்தை சுரண்டாத பொருள் உலகத்தில் ஒன்றுதான், அவள் காதில் கிடக்கிற தோடு. கல்யாணத்தில் அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, போட்டு அனுப்பிய தோட்டை விற்றுத்தான் மாமா பழைய லாரி ஒன்றை வாங்கினார். சில வருஷம் அன்னாசியும் பலாவும் மரவள்ளியும் கீழே இறக்கிச் சம்பாதித்து, ஒருநாள் நாமக்கல்லிலிருந்து புதுத் தோடு வாங்கிவந்து அத்தைக்குப் போட்டார். அந்த வாரமே எங்கள் ஊட்டில் கிடாவெட்டு. பந்தியில் அப்பா, தங்கையின் காதைப் பார்த்துவிட்டு, “கவரிங் மாதிரி இருக்குதே மாப்ள” என்றார். கேலியாகத்தான் சொன்னேன் என்று இன்றைக்கும் சாதிக்கிறார். மாமா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கைகழுவிவிட்டுப் போனார்.

அன்றோடு பேச்சு நின்றது. நான் அப்போது கைக்குழந்தை. இத்தனைக்கும் அப்பா மிளகு மூட்டையோடு கீழே போக மாமாவின் லாரியில்தான் ஏறுவார். மாமா நிறுத்துவார், அப்பா ஏறுவார், மலை இறங்கும்வரை இரண்டு பேரும் ரோட்டையே பார்த்துக்கொண்டு வருவார்கள். ஓட்டுகிறவர் பார்ப்பது நியாயம். அப்பா எதற்குப் பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. அவசரமாக ஏதாவது சொல்லவேண்டியிருந்தால் அத்தைக்கு போன் போட்டுச் சொல்வார். அத்தை பக்கத்து சீட்டுக்கு போன் போட்டுச் சொல்வாள்.

சுரண்டாமல், உரசாமல், தழும்பே விழாமல் உள்ளே இருப்பதைச் சொல்கிற வித்தை கையில் இருக்கிறது. தோட்டை வளையத்துக்குக் கொண்டுவருகிறேன். எக்ஸ்ரேயில் வைக்கிறேன். தங்கம் என்று வருகிறது. அப்பா போய் மாமாவின் கையைப் பிடிக்கிறார். என் ஆய்வேட்டின் நன்றியுரைக்கான வாக்கியத்தைக்கூட அங்கேயே நின்று அமைத்துவிட்டேன். தங்கம் இல்லையென்று வந்தால் என்ன என்பதற்கு ஒரு வாக்கியமும் அமைக்கவில்லை. அது தோன்றவே இல்லை. என்னை ஆராய்ச்சிக்கு எடுத்தவர்கள் இதைப் படிக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

மூத்த ஆராய்ச்சியாளரிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. தோடு உருண்டையும் குழியுமாக இருக்கும், உரசிப்போகிற எக்ஸ்ரேக்குக் கண்ணாடி மாதிரித் தட்டையான பொருள் வேண்டும் என்று முதலில் சொன்னார். பிறகு, உங்கள் ஊருக்குப் பக்கத்து நகைக்கடையிலேயே தங்கத்தின் தரம் பார்க்க ஒரு சின்னப் பெட்டி இருக்குமே, அதுவும் எக்ஸ்ரேதான், டீ ஆறுவதற்குள் சொல்லிவிடும் என்றார். அந்தப் பெட்டி மேல்தோலைத்தானே சார் பார்க்கும் என்று நான் மல்லுக்கு நின்றேன். கவரிங் பூச்சு அதைவிட மெல்லிசு அம்மா, அதைத் தாண்டி அடியையும் பெட்டி பார்த்துவிடும் என்றார்.

ஒரு தோட்டைப் பார்க்க ஊர் அகலத்துக்கு ஒரு வளையத்தைச் சிபாரிசு செய்தவள் என்ற பெயரோடு திரும்பினேன். என் முகம் போன போக்கைப் பார்த்து இரக்கப்பட்டிருப்பார் போல. அடுத்த தடவை உன் வேலை முடிந்தபிறகு கடைசியில் கொஞ்சநேரம் ஒதுக்கித் தருகிறேன், ஏதாவது தட்டையாகக் கொண்டுவா என்றார்.

ரயிலில் ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே வந்தது. நகைக்கடைப் பெட்டி எனக்குத்தான் புதுசு. மாமா வாராவாரம் நாமக்கல் போகிறவர். அப்பா மிளகு போட அங்கேதான் போகிறார். ஒருத்தரும் ஏன் அதில் வைத்துப் பார்க்கவில்லை?

பலா பழுக்கும்போது ஊருக்குப் போனேன். அத்தை தாழ்வாரத்தில் பேப்பரை விரித்து, கையிலும் கத்தியிலும் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு பழத்தைப் பிளந்துகொண்டிருந்தாள். மாமா லோடு இறக்கப் போயிருந்தார். நான் எதிரே உட்கார்ந்து, நாமக்கல் கடையில் ஒரு பெட்டி இருக்கிறதாம் என்று ஆரம்பித்தேன். தோட்டைச் சும்மா உள்ளே வைத்தால் போதுமாம், தழும்பே விழாதாம்.

“தெரியும்” என்றாள், சுளையை எடுத்துக்கொண்டே.

ஒருமுறை மாமாவோடு லாரியில் போயிருக்கிறாள். பாத்திரம் வாங்கவேண்டும் என்று அவரிடம் சொல்லிவிட்டு நேரே நகைக்கடைக்குப் போனாளாம். அங்கே முன்னால் நின்ற ஒரு பொம்பளையின் வளையலைப் பெட்டிக்குள் வைத்தார்கள். ஏதோ நம்பர் வந்தது. நம்பர் என்னவென்று அத்தைக்குத் தெரியாது. அந்தப் பொம்பளையின் முகத்தைத்தான் பார்த்தாள். அடுத்து நீங்களா என்று கேட்டபோது, இல்லீங்க, சும்மா வந்தேன் என்றுவிட்டாள். பாத்திரக்கடைக்குப் போய் நிஜமாகவே ஒரு குக்கர் வாங்கி, மலையேறுவதற்குள் அதைச் சுரண்டி முடித்துவிட்டாள்.

“பாத்தாத் தெரிஞ்சுரும்” என்றாள். “தெரிஞ்சத மறுக்காத் தெரியாமப் பண்றதுக்கு உன்ற வளையத்துல ஏதாச்சும் வழி இருக்குதா கண்ணு?”

“இல்லீங்க அத்தை.”

“பொறகென்ன மிசினு.”

நான் விடவில்லை. விடுகிற புத்தி இருந்தால் ஆராய்ச்சிக்கே போயிருக்க மாட்டேன். தங்கமாகவே இருந்துவிட்டால் அப்பா வந்து மாமாவிடம் பேசுவாரே என்றேன்.

“உங்கொப்பன் வந்து பேசறதுக்குத் தோடு என்னத்துக்கு? அவனுக்கு வாய் இருக்குதுல்ல.” கத்தியில் ஒட்டியிருந்த பாலை நகத்தால் வழித்துப் பேப்பரில் தேய்த்தாள். நெற்றியில் விழுந்த மயிரைப் புறங்கையால் ஒதுக்கினாள். தோடு பளிச்சென்றுதான் இருந்தது. அது எதற்கும் சாட்சி இல்லை என்பதைப் படித்துத் தெரிந்துகொண்டவள் நான்.

அடுத்த சுளையை எடுத்தாள். பிறகு அவளே, அன்னிக்கு நான் கீறிவிட்டேனே அந்தப் பளபளப்பு, அதை என்ன செய்தாய் என்று கேட்டாள். பத்திரமாக வைத்திருக்கிறேன் என்றேன். அப்புறம் நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் என் எல்லைக்கோட்டு ஆராய்ச்சியைப் பற்றி ஒருத்தர் தானாகக் கேட்டது அதுவே முதல்முறை.

தங்கம் சிலிக்கன் மேல் சும்மா உட்கார்ந்திருக்காது அத்தை என்றேன். சேருகிற இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கும். மேலே இருக்கிறதை நகம் வழித்துவிடும். உள்ளே இறங்கினதை நகத்தால் எடுக்க முடியாது. அந்தக் கோட்டில் சாம்பலாகத் தெரிகிற இடத்தில்கூட அடியில் தங்கம் மிச்சம் இருக்கலாம்.

அத்தையின் கை நின்றது. “சுரண்டியும் போகாம இருக்குமா?”

“இருக்கலாமுங்க. இல்லாமயும் போலாம். இன்னும் பாக்கல.”

“அது தட்டையாத்தான இருக்குது?” ஆராய்ச்சியாளர் சொன்னதை நான் எப்போதோ போனில் புலம்பியிருக்கிறேன், அதை ஞாபகம் வைத்திருக்கிறாள்.

தட்டைதான் என்றேன்.

“அப்ப அதப் பாரு. நாங் கீறுனதுதான, எனக்கு ஒண்ணுமில்ல.” மறுபடி கத்தியை எடுத்தாள். சுளையைப் பிரித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள். “இருந்துச்சுன்னா போன் பண்ணு கண்ணு. இல்லீன்னாப் பேசாம இரு.”

கீழே வளைவில் மாமாவின் லாரி ஹாரன் கேட்டது. அத்தை நல்ல சுளையாகப் பார்த்து இரண்டு தட்டில் எடுத்துவைத்தாள். ஒன்று மாமாவுக்கு. இன்னொன்றை மரவள்ளிக் காட்டைத் தாண்டி அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னாள்.

அடுத்த வாரம் மறுபடி அந்த வட்டக் கட்டடத்துக்குப் போகிறேன். உருப்படியான சாம்பிள்கள் ஒரு டப்பாவில். அத்தையின் வில்லை தனி டப்பாவில், மூடியில் ‘அத்தை கோடு’ என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். என் முறை முடிந்து கடைசியில் கிடைக்கிற நேரத்தில், எக்ஸ்ரேயை ஊசிபோல் குறுக்கி, கோட்டின் ஒரு கரையிலிருந்து மறுகரைவரை மெதுவாக நடத்தவேண்டும். கரையில் இருக்கும்போது திரையில் தங்கத்துக்கான முகடு எழுந்து நிற்கும். கோட்டுக்குள் இறங்கும்போது சுத்தமாகப் படுத்துவிடுகிறதா, துளியாவது எழுந்து நிற்கிறதா என்பதுதான் கேள்வி.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று எனக்கு ரயில் டிக்கெட் எடுத்தபிறகுதான் தோன்றியது. தங்கம் இல்லையென்றால் நான் பேசாமல் இருக்கவேண்டும். ஆனால் போன் வரவில்லை என்றாலே அத்தைக்குத் தெரிந்துவிடும். தெரிந்ததை மறுபடி தெரியாமல் பண்ண என்னிடம் வழி இல்லை என்று நானே ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

யோசித்து ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். இப்போதிலிருந்தே அத்தைக்குத் தினமும் போன் செய்கிறேன். ஹாஸ்டல் குழம்பு, மழை, பஸ், செருப்பு அறுந்தது என்று வாய்க்கு வந்ததைப் பேசுகிறேன். எங்கள் தொழிலில் இதற்குப் பின்னணி இரைச்சல் என்று பெயர். அது அதிகமானால் எந்தச் சேதியும் தனியாகத் தெரியாது. எல்லோரும் அதைக் குறைக்கப் பாடுபடுகிறார்கள். நான் கூட்டிக்கொண்டிருக்கிறேன்.

இன்றைக்குப் பேசும்போது, இன்னும் பாக்கலயா என்று கேட்டாள். அடுத்த வாரமுங்க என்றேன்.

“பாத்தரலாம்” என்றாள். முதல்முறையாக அது அனுமதி கேட்கிற மாதிரி இருந்தது. கோணத்தை ஆகக் குறைவாக வைத்துத்தான் ஆரம்பிக்கப்போகிறேன்.